தொடக்கப் பள்ளி ஆசிரியர் இல்லத்தார்க்கு விடுக்கும் திருமுகம்

தோற்றுவாய்

தமிழிற் கடித இலக்கியம் எனின், புலவர் புரவலர்க்கு விடுத்த சீட்டுக்கவிகளும் அறிஞர் தம் மக்கட்கும் நண்பர்க்கும் வரைந்த கடிதங்களுமே நம் நினைவிற்கு வருவன. தொடக்கப் பள்ளி ஆசிரியர், தம் வகுப்பில் பிள்ளைகள் கற்கும் திறத்தை அவர்தம் இல்லத்தார்க்கு எழுதி விடுக்கும் மடல் அவ்வரிசையில் வைத்து எண்ணப்படுவதில்லை. அது சில வரிகளே உடையது. கையொப்பம் பெற்று மீண்டதும் மறக்கப்படுவது. ஆயினும் எழுத்தறியா இல்லம் ஒன்றற்குப் பள்ளியிலிருந்து வரும் உரை பெரும்பாலும் அஃதொன்றே ஆதலின், அதன் மொழியை ஆராய்தல் நம் கடனாகும்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வியுரிமைச் சட்டம் தன் 24ஆம் பிரிவில் ஆசிரியர்தம் கடமைகளை வகுக்கின்றது. பெற்றோரை முறையாகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் ஆற்றல், கற்றலில் எய்திய முன்னேற்றம் ஆகியவற்றை அவர்க்கு அறிவித்தல் அவற்றுள் ஒன்று. அறிவிக்க வேண்டுவன இவையெனச் சட்டம் கூறிற்று. அறிவிக்கும் நடை இஃதெனக் கூறிற்றில்லை. அந்நடை யாதாதல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

இவ்வாராய்ச்சிக்குத் திருவண்ணாமலையையும் அதனைச் சூழ்ந்த மாவட்டத்தையும் களமாகக் கொள்வாம். மாடவீதிகளிற் பூத்தொடுத்து விற்போர், கிரிவலப் பாதையிற் கடை வைத்திருப்போர், ஆரணியிற் பட்டு நெய்வோர், சவ்வாது மலையிற் சாமை விளைப்போர் எனப் பலதிறத்தார் மக்களும் இங்குத் தொடக்கப் பள்ளிகளிற் பயில்கின்றனர். இவர்தம் இல்லங்கள் பலவற்றிற் பள்ளிக்குச் சென்ற முதல் தலைமுறை அப்பிள்ளையே. பெற்றோர் பிழைப்பு நாடி வெளியூர் சென்றிருப்பின் மடலைப் பெறுவார் பாட்டியாவர். அவர்க்கு அதனைப் படித்துக் காட்டுவார் யார்? அம்மடல் எவரைப் பற்றியதோ அப்பிள்ளையேயன்றோ!

கொணர்வோனே பொருளாதல்

இவ்வமைப்பிற்கு நம் இலக்கியத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. பதினோராந் திருமுறையின் தொடக்கமாக அமைந்த திருமுகப் பாசுரம், ஆலவாயிறைவன் பாணபத்திரரின் பொருட்டுச் சேரமான் பெருமாளுக்கு விடுத்தது என்பது மரபு. அதனைச் சேரனிடம் கொண்டு சென்றவரும் பாணபத்திரரே என்பர். ஒருவரைப் பற்றிய ஓலையை அவரே சுமந்து செல்லும் நிலை அது. ஆதலின் அத்தகைய ஓலையில், கொணர்வார் தலைகுனியத்தக்க சொல் இடம்பெறுதல் பொருந்தாது. ஓலைக்குத் திருமுகம் என்னும் பெயரும் ஈண்டு எண்ணத்தக்கது. எழுதினார் தம் முகத்தையும், எழுதப்பட்டார் தம் முகத்தையும் அது ஒருங்கே காட்டும். பள்ளி மடலும் இத்தகைய திருமுகமேயாகும்.

திண்ணையும் தெருவும்

மடல் வழங்காத காலத்தும் வகுப்பறைச் செய்தி இல்லத்தை எய்தியே வந்தது. திண்ணைப் பள்ளியிற் பிள்ளைகள் எண்சுவடியையும் நீதிநூல்களையும் உரத்து ஓதினர், தெருவார் கேட்டனர். எவன் தடையின்றிச் சொல்கின்றான், எவன் இடறுகின்றான் என்பதைத் தாயர் செவியாலேயே அறிந்தனர். நவராத்திரி நாள்களில் ஆசிரியர் பிள்ளைகளை வீடுதோறும் அழைத்துச் சென்று பாடுவித்தலும், இல்லத்தார் அவர்க்குப் பொருள் வழங்குதலும் வழக்கமாயிருந்தன. வரும்படியின் பொருட்டு நிகழ்ந்ததேயெனினும், அது கற்றதனை இல்லத்தின் வாயிலில் நின்று காட்டும் முறையுமாயிற்று. ஆயின் அத்திண்ணை எல்லார்க்கும் உரியதாயிருந்ததில்லை. சாதியாற் புறத்தே நிறுத்தப்பட்டார் பலர். பெண்மக்கள் மிகச் சிலரே. ஆதலின் அதனை மீண்டும் வேண்டுதல் நம் கருத்தன்று. செய்தி செவிவழிச் சென்றது என்னும் இயல்பொன்றே நாம் கொள்ளத்தக்கது. பாட்டி கேட்கும் மடல், கேட்டற்கு இனிதாய்ப் பேச்சினை ஒட்டிச் செல்லல் வேண்டும்.

நன்னூலார் உவமைகள்

மாணாக்கரைப் பற்றிய மதிப்பீட்டினை இலக்கணமாக்கித் தந்தவர் பவணந்தியார். அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கும், இல்லிக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடைமாணாக்கர்க்கும் உவமையாயின. இவ்வெட்டும் வினைபற்றி எழுந்த உவமங்கள் என்பது கருதத்தக்கது. அன்னம் பிரிக்கின்றது, ஆ நிரம்ப மேய்ந்து பின் அசைபோடுகின்றது, ஆடு ஒன்றனையும் முற்ற மேயாது செடிதோறும் தாவுகின்றது, எருமை நீரைக் கலக்குகின்றது. கற்கும் முறைகளை இத்துணைக் கூர்மையாக நோக்கிய கண் பாராட்டுதற்குரியது.

எனினும், நோக்கியவற்றைத் தலை, இடை, கடை என அடுக்கியதனால் வினை மறைந்து தரமே எஞ்சிற்று. குடம் அன்னமாதல் யாங்ஙனம்? இவ்வுவமைகளில் வளர்ச்சிக்கு இடனில்லை. இவை நூல் கற்பிப்பார்க்குக் கூறப்பட்டன; இல்லத்தார்க்கு அல்ல. இவ்வேறுபாட்டை மறந்து, பள்ளியினுள் வழங்கும் தரச்சொல்லை அவ்வாறே இல்லத்திற்கு விடுப்பதே இன்றைய மடல்களின் முதற்குறை.

2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டிற் தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளின் கற்றல் நிலைகட்கு அரும்பு, மொட்டு, மலர் எனப் பெயரிட்டது. பவணந்தியார் உவமைகளினின்றும் இஃது ஒருபடி மேற்சென்றது என்க. அரும்பு மொட்டாகும், மொட்டு மலராகும், காலம் ஒன்றே இடையில் நிற்பது. ஆயினும், "உன் மகன் அரும்பு" என்று மட்டும் இல்லத்திற்கு உரைப்பின் இவ்வினிய உவமையும் தரமாகவே இறுகிவிடும். அவன் எதனால் அரும்பு, மொட்டாதற்கு இனி யாது செய்கின்றான் என்பனவே இல்லத்தார் அறிய வேண்டுவன.

மடலின் மொழிநடை

இரு மடல்களை எடுத்துக்காட்டாக வகுத்துக் காண்பாம். கிரிவலப் பாதையோரம் கடை வைத்திருக்கும் இல்லத்துச் சிறுவன் ஒருவனைப் பற்றியன இவை என்று கொள்க.

முதலாவது: "கணக்கிற் பின்தங்கியவன். கவனம் இல்லாதவன்."

இரண்டாவது: "பத்துக்கு மேற்பட்ட கூட்டலில் இன்னும் விரல்விட்டு எண்ணுகின்றான். காசு கொடுத்து வாங்கும் விளையாட்டில் மீதியைப் பிழையின்றித் தந்தான். பௌர்ணமியன்று கடையில் மீதிக் காசை அவனே எண்ணித் தரட்டும்."

முதல் மடலிற் பயனிலையாக நிற்பன இரண்டும் வினையாலணையும் பெயர்கள். ஒன்று தெரிநிலை, மற்றது குறிப்பு. தெரிநிலை வினையாலணையும் பெயர் காலங்காட்டும் என்பது இலக்கணம். இல்லத்திலோ அக்காலம் உதிர்ந்து, பெயர் மட்டுமே பிள்ளைமேல் ஒட்டிக்கொள்கின்றது. இரண்டாம் மடலில் எண்ணுகின்றான் என்பது நிகழ்காலம். தந்தான் என்பது இறந்தகாலம். தரட்டும் என்பது வியங்கோட் பொருளது. இனி நிகழ வேண்டுவதைச் சுட்டுவது. குறையும் மறைக்கப்படவில்லை, திறனும் விடுபடவில்லை, இல்லத்தார் செய்யத்தக்கதும் அவர் தொழிலிலிருந்தே காட்டப்பட்டது. இதனைப் பாட்டிக்குப் படித்துக் காட்டும் சிறுவன் தாழ்வெய்தான். தன் விரல் எண்ணுதலையும் அவன் தானே ஒப்புக்கொள்வான்.

தடைகளும் விடைகளும்

இஃது ஏழையர் மனங்குளிரக் கூறும் முகமன் அன்றோ எனத் தடை விடுப்பாருமுளர். இத்தாலிய நாட்டின் பார்பியானா என்னும் மலைச்சிற்றூர்ப் பள்ளி மாணவர் தம்மைத் தேர்ச்சியுறச் செய்யாத ஆசிரியரை முன்னிலைப்படுத்தி எழுதிய கடிதம் 1967ஆம் ஆண்டு நூலாயிற்று. பிள்ளைக்குப் படிப்பு வராது என ஆசிரியர் கூறின், ஏழைப் பெற்றோர் அதனை நம்பிப் படிப்பை நிறுத்திவிடுகின்றனர் என்பது அவர்தம் முறையீடுகளுள் ஒன்று. கற்ற பெற்றோர் ஆசிரியர் சொல்லை ஆராய்வர், வினவுவர், வேறு வழி தேடுவர். கல்லாதார்க்கு அச்சொல்லே முடிந்த தீர்ப்பு. எனவே, நடையிற் காட்டும் கருத்து முகமன் ஆகாது. பிள்ளை பள்ளியில் நிலைத்தலும் நீங்குதலும் அதனைப் பொறுத்தன.

ஆசிரியர்க்குக் காலம் போதாது என்பது மற்றொரு தடை. இத்தடை மெய்யானதே. எனினும் சட்டம் கூறும் தொடக்கநிலை அளவு ஆசிரியர் ஒருவர்க்கு 30 பிள்ளைகள். பிள்ளைக்குத் திங்கள்தோறும் 3 தொடர்கள் எனின் 90 தொடர்களாம். ஓராசிரியரே பல வகுப்புகளை ஒருங்கு நடத்தும் மலைப்பள்ளிகளில் இதுவும் சுமையே. ஆண்டாங்குப் பருவத்திற்கு ஒருமுறை எழுதினும் அமையும். அளவிற் குறையலாம், வினைச்சொல் குறைதல் ஆகாது.

முடிபு

பிள்ளையைப் பெயரால் முடிக்காது வினையால் விரித்தல், கேட்பார் செவிக்கு எழுதுதல், கொணர்வோனே பொருளாதலை மறவாமை ஆகிய மூன்றும் இத்திருமுகத்தின் இலக்கணம் எனத் துணியலாம். ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களில் மதிப்பெண் பதியும் முறை கற்பிக்கப்படுவதுபோல, மடல் வரையும் முறையும் கற்பிக்கப்படல் வேண்டும். அதற்குரிய இலக்கணம் நம் மொழியில் நெடுங்காலமாகவே உளது. அதனைத் தொடக்கப் பள்ளியின் வாயில்வரை கொண்டு சேர்த்தல் தமிழ்த் துறைகளின் பணியாகும்.