ஆய்வேட்டில் பிறப்பது மருந்தா, மூலக்கூறா?

மருந்து வேதியியலில் டாக்டர் பட்டத்திற்காக எழுதப்படும் ஆய்வேடுகளில் ஒரு வகை உண்டு. ஒரு மூலக்கூறை எடுத்துக்கொண்டு, அதன் ஓரிடத்தில் குளோரின், பிறகு மெத்தில், பிறகு நைட்ரோ என்று மாற்றி மாற்றி இருபது முப்பது புதுச் சேர்மங்களை ஆக்குவார்கள். அவற்றை அகார் தட்டில் பாக்டீரியாவின் மீது சோதிப்பார்கள். கணிப்பொறியில் ஒரு புரதத்துடன் பொருத்திப் பார்ப்பார்கள். முடிவுரையில், ‘இது நாளைய மருந்தாகலாம்’ என்று எழுதுவார்கள். செய்தித்தாளுக்கு வரும்போது ‘ஆகலாம்’ மறைந்து, ‘மருந்து கண்டுபிடிப்பு’ மட்டும் நிற்கும். இந்த வழக்கம் சரிதானா என்று ஆராய்வோம்.

முதலில் சிறிது வரலாறு. 1908இல் வியன்னாவில் பால் கெல்மோ என்பவர் தம் டாக்டர் பட்ட ஆய்வின்போது சல்ஃபனிலமைடு என்னும் சேர்மத்தை ஆக்கினார். நோய்க்கும் அதற்கும் தொடர்புண்டு என்று அப்போது யாரும் எண்ணவில்லை. 1932இல் ஜெர்மனியின் பேயர் ஆய்வுக்கூடத்தில் கிளாரரும் மீட்சும் புரோன்டோசில் என்ற சிவப்புச் சாயத்தை ஆக்கினர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஏற்றப்பட்ட சுண்டெலிகளுக்கு டோமாக் அதனைக் கொடுத்தார், அவை பிழைத்தன. ஆனால் அதே சாயம் சோதனைக் குழாயிலிருந்த கிருமியை ஒன்றும் செய்யவில்லை! 1935இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தார் இப்புதிரை விடுவித்தனர். சாயம் உடலுக்குள் உடைந்து சல்ஃபனிலமைடைத் தருகிறது. கிருமியை ஒடுக்குவது அதுவே.

கெல்மோவின் ஆய்வேடு 27 ஆண்டுகள் வீணே உறங்கியது என்று பலர் வருந்துவதுண்டு. அவ்வருத்தம் பொருந்தாது என்பேன். மூலக்கூறு கையில் இருந்தது. அதனிடம் கேட்க வேண்டிய கேள்விதான் இல்லை. அக்கேள்வியை டோமாக்கின் சுண்டெலிகள் கேட்டன. சோதனைக் குழாயை மட்டும் நம்பியிருந்தால் புரோன்டோசில் குப்பைக்குப் போயிருக்கும்.

இனி அகார் தட்டுக்கு வருவோம். சேர்மத்தைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் எவ்வளவு அகலம் என்று அளக்கிறார்கள். அகலமான வளையம் வலிமையான மருந்தைக் காட்டுகிறது என்பது சரியன்று. வளையத்தின் அளவு, சேர்மம் அகாருக்குள் எவ்வளவு விரைவில் பரவுகிறது என்பதையும் பொறுத்தது. நீரில் எளிதில் கரையாத நல்ல சேர்மம் சிறு வளையத்தோடு தோற்றுவிடலாம்.

கணிப்பொறியின் கதையும் இதுவே. பிணைப்பு ஆற்றல் ஒரு சேர்மத்திற்கு மோலுக்கு –8.4 கிலோகலோரி, மற்றதற்கு –8.1, எனவே முன்னது சிறந்தது என்று எழுதுகிறார்கள். இத்தகைய கணக்குகளில் 2 கிலோகலோரி அளவுக்குப் பிழை நேர்வது இயல்பு. அறை வெப்பநிலையில் சுமார் 1.4 கிலோகலோரி வேறுபாடே பிணைப்பு வலிமையைப் பத்து மடங்கு மாற்றிவிடும். 2 கிலோகலோரி என்றால் ஏறத்தாழ 30 மடங்கு! அங்கே 0.3க்கு என்ன பொருள்? ஊசலின் அலைவு நேரத்தைப் பிழை வரம்பின்றி எழுதும் மாணவனுக்கு இயற்பியல் செய்முறைத் தேர்வில் மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். டாக்டர் பட்டத்திற்கு மட்டும் விதிவிலக்கு ஏன்?

நல்ல மூலக்கூறு கிடைத்தாலும் வேலை முடிவதில்லை. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து, நச்சுத்தன்மையைச் சோதிக்காமலே விற்றார்கள். 100க்கு மேற்பட்டோர் மாண்டனர். கொன்றது மருந்தன்று, கரைப்பான். நோயாளியின் உடலில் சேர்வது மூலக்கூறு மட்டுமன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

புதுச் சேர்மங்களை ஆக்குவது பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அது கடும் பயிற்சி. கைத்திறனும் பொறுமையும் வேண்டும். ஆனால் ஓர் ஆய்வேட்டின் தரம் அதிலுள்ள சேர்மங்களின் எண்ணிக்கையில் இல்லை. ‘என் கருத்து தவறாயின், இச்சோதனை அதைக் காட்டிக்கொடுக்குமா?’ என்ற கேள்வியில்தான் இருக்கிறது.

ஆகவே வாசகர்களே, ‘புதிய மருந்து’ என்ற செய்தியைக் கண்டால் நான்கு கேள்விகள் கேளுங்கள். வழக்கிலுள்ள மருந்தோடு ஒப்பிட்டார்களா? எவ்வளவு குறைந்த அளவில் வேலை செய்கிறது? மனித உயிரணுக்களுக்குத் தீங்கு செய்யுமா? உயிருள்ள விலங்கில் சோதித்தார்களா? விடை இல்லையெனில், கிடைத்திருப்பது ஒரு மூலக்கூறு. அதனை மருந்து என்று சொல்லி நோயாளியின் வீட்டில் நம்பிக்கையை விதைக்கும் உரிமை யாருக்கும் இல்லை.