அசைவாடும் ஒரு வினை

எபிரேய வேதாகமத்தில் ‘ராஹஃப்’ என்னும் வினை மூன்றே இடங்களில் பயின்று வருகிறது. எரேமியா 23:9இல் நடுங்கும் எலும்புகளையும், உபாகமம் 32:11இல் குஞ்சுகளின்மேல் சிறகசைக்கும் கழுகையும், ஆதியாகமம் 1:2இல் நீர்ப்பரப்பின்மேல் இயங்கும் இறையாவியையும் அது குறிக்கிறது.

1611இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு இம்மூன்றிடத்தும் வெவ்வேறு சொற்களை ஆண்டது. அதனால் படைப்புக்கும் பறவைக்கும் மூலம் அமைத்த உறவு மறைந்தது. சீர்திருத்தச் சபையினரிடையே நெடுங்காலமாக வழங்கும் தமிழ் வேதாகமமோ பின்னிரண்டு இடங்களிலும் ‘அசைவாடுதல்’ என்றே பெயர்த்தது. அச்சொல்லில் சிறகின் அரவணைப்பு முழுமையாக ஒலிக்கவில்லை என்பது குறையே. எனினும், ஓரிடத்தை மற்றோரிடம் விளக்கும் வாயிலை அது அடைக்கவில்லை. உலகின் தொடக்கத்தைக் குஞ்சு காக்கும் பறவையோடு ஒப்பிட்டுணரத் தமிழ் மாணவனுக்கு அவ்வொரு சொல்லே போதும். அரிய சொல்லை ஆராய்வோர் அகராதியைத் திறக்குமுன், அது வரும் இடங்களை அடுத்தடுத்து வைத்து நோக்குதல் வேண்டும்.