ஆறுதல் சொல்லாத நாவல்

மனம் காரணமில்லாமல் பதறிக் கிடக்கும் நாட்களில் எந்த நாவலைக் கையில் எடுப்பது? கல்கி நம்மைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். தேவன் சிரிக்க வைப்பார். இரண்டும் நல்ல வைத்தியம்தான். ஆனால் புத்தகத்தை மூடியதும் பழைய கவலை வந்து எதிரே உட்கார்ந்துகொள்ளும். என் சிபாரிசு சற்று விபரீதமாகத் தோன்றலாம்: அசோகமித்திரனின் ‘தண்ணீர்’.

கணையாழியில் தொடராக வந்து 1973இல் நூலான சின்ன நாவல் இது. பஞ்சத்தில் வறண்ட சென்னை, அதில் ஒரு தெரு. சினிமா ஆசை காட்டிய பாஸ்கர் ராவை நம்பிச் சீரழிந்த ஜமுனா. கணவன் ராணுவத்தில் இருக்க, குழந்தையைப் பிரிந்து அக்கா ஜமுனாவோடு இருக்கும் சாயா. இவர்களைச் சுற்றிக் குடங்களோடு அலையும் ஒரு ஜனக்கூட்டம். கலங்கிய மனசுக்கு இதையா கொடுப்பது என்று கேட்பீர்கள்.

இதையேதான். பதற்றம் என்பதே நாளையைப் பற்றியது. ‘அப்படி ஆகிவிட்டால்?’ என்ற ஒரே கேள்வியைத்தான் அது திரும்பத் திரும்பக் கேட்கிறது. அசோகமித்திரனின் வாக்கியமோ இந்த நிமிஷத்தை விட்டு நகராது. பம்பை அடிக்கிறார்கள். காற்றுதான் வருகிறது. எந்த வீட்டிலோ தண்ணீர் வருவதாகப் பேச்சு. குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓட்டம். அலங்காரம் அபூர்வம், உரத்த குரல் அறவே இல்லை. நாலு பக்கம் தாண்டுவதற்குள் நம் மூச்சும் அந்தச் சின்னச் சின்ன வாக்கியங்களின் அளவுக்கு இறங்கி வந்துவிடுகிறது.

நாவலின் உச்சம் அதே தெருவில் வசிக்கும் டீச்சரம்மா பேசும் இடம். ஜமுனா உயிரை விடத் துணிந்து, அதுவும் கைகூடாமல் கிடக்கிறாள். வேறு எழுத்தாளராக இருந்தால் இந்த இடத்தில் ஒரு பிரசங்கம் வைத்திருப்பார். இங்கே டீச்சரம்மா தன் கதையை மட்டும் சொல்கிறாள்: சின்ன வயதில் கல்யாணம், வயதில் மிக மூத்த நோயாளிக் கணவன், மாமியார், பள்ளிக்கூட வேலை. மளிகைக் கடன் கணக்கை ஒப்பிப்பது போன்ற குரல். அழுகையும் இல்லை, தியாகப் பெருமையும் இல்லை. ‘என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்’ என்ற தொனி கிட்டே வரவில்லை. கேட்டுக்கொண்டிருந்த ஜமுனாவுக்குள் என்ன நடந்தது என்று ஆசிரியர் விளக்கவும் இல்லை. பின்னால், பாஸ்கர் ராவ் மறுபடி வந்து நிற்கும்போது அவள் நடந்துகொள்ளும் விதத்தில்தான் நமக்குப் புரிகிறது.

அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் பல வருஷம் வேலை பார்த்து, 1966இல் வெளியேறியவர். சினிமாவின் ஓரத்தில் நின்று ஏமாறுகிறவர்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறார். அதனால்தான் ஜமுனாவிடம் அவருக்குப் பரிதாபமும் இல்லை, ஏளனமும் இல்லை. அந்தச் சமநிலைதான் வாசகனுக்கும் தொற்றுகிறது.

கடைசிப் பக்கத்திலும் தண்ணீர்க் கஷ்டம் தீரவில்லை. ஜமுனா மட்டும் அதைச் சமாளிக்கிற ஆளாகிவிட்டாள். சிக்கலை அவிழ்த்து ஆறுதல் தரும் நாவல்கள் நிறைய உண்டு. சிக்கலை அப்படியே விட்டுவிட்டு ஆளை நிமிர்த்தும் நாவல்கள் குறைவு.

நாள்பட்ட பதற்றத்துக்கு மருத்துவர் வேண்டும். தூக்கம் வராத ஓர் இரவுக்கு ‘தண்ணீர்’ போதும். ஒரே இருப்பில் படித்துவிடலாம், அவசரப்படாமல் படியுங்கள்.