யார் யாரைத் தலைவியாக்குவது?

கறுப்பினச் சிறுமிகளுக்குத் தலைமைப் பண்பை ஊட்டுவோம் என்கிறவர்கள், அது அவர்களிடம் ஏற்கெனவே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அமெரிக்காவின் மாண்ட்கோமரியில், ரோஸா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2 அன்று பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்துக் கைதானாள் கிளாடெட் கால்வின். வயசு 15. இயக்கத்தின் பெரியவர்கள் அவளைப் போராட்டத்தின் முகமாக ஏற்கவில்லை. சின்னப் பொண்ணு, படபடப்புக்காரி, ஏழை. பிற்பாடு கர்ப்பம் வேறு. (நடுத்தர வர்க்க மானம் தாங்குமா?) 1956இல் பேருந்துப் பாகுபாட்டை ஒழித்த வழக்கில் வாதிகளில் ஒருத்தியாக நின்று சாட்சி சொன்னவளும் இவள்தான். அந்தப் பெரியவர்களின் 'வழிகாட்டல்' மதிப்பான பெண்ணைத் தேடியது. பார்க்ஸ் வழிநடத்திய இளைஞர் குழுவிலோ கால்வினுக்கு இடமிருந்தது. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது எப்படிச் சரியாகும்?