எண்ணிமத் தரவும் விடுபடும் மனிதரும்: நலவாழ்வு ஆய்வுகளின் தரவுத்திரட்டு முறைகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நலவாழ்வு ஆய்வுகளில் தாள் படிவத்தின் இடத்தைக் கைப்பேசிச் செயலி பெற்றுவருகிறது. விரைவும் பரப்பும் கூடியுள்ளமையால் தரவின் நம்பகமும் கூடிவிட்டது என்னும் கருத்து ஆய்வாளரிடையே வேரூன்றியுள்ளது. இக்கருத்தை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பதிவேட்டுத் தரவை முன்வைத்தும், பூந்தமல்லியை அடுத்த குமணன்சாவடியைக் களச்சான்றாகக் கொண்டும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: எண்ணிம நலவாழ்வு, தரவுத்திரட்டு, மாதிரி, வினாநிரல் மொழி, இசைவு.

முன்னுரை

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்றது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் கண்டறிகின்றனர், மருந்து வழங்குகின்றனர், விவரங்களைச் செயலிவழி மக்கள் நலப் பதிவேட்டில் ஏற்றுகின்றனர். ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் வழங்கும் நிகழ்வு 2022 டிசம்பரில் நடைபெற்றது. இத்துணைப் பெரிய தரவு ஆய்வாளரை ஈர்ப்பது இயல்பே. ஆயின், மருந்து சேர்ப்பதற்காகத் திரட்டப்பட்ட தரவு, மக்களின் நோய்நிலையை அறிவதற்கும் அவ்வாறே பயன்படுமா என்பது தனியே ஆராயத்தக்கது.

எண்ணிக்கையும் விழுக்காடும்

பதிவேடு தொடப்பட்டவர்களை எண்ணுகிறது. உலக நலவாழ்வு அமைப்பின் ‘ஸ்டெப்ஸ்’ முறையோ வினா, உடல் அளவை, குருதி ஆய்வு என்னும் மூன்று படிகளில் ஒரு மாதிரியை அளந்து முழுமையை மதிப்பிடுகிறது. தமிழகத்தில் 2020இல் இம்முறையில் நடந்த ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் உடையோரில் 7.3 விழுக்காட்டினருக்கும், நீரிழிவு உடையோரில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுப்பாட்டில் இருந்தது. இத்தகைய விழுக்காட்டைக் கோடிக்கணக்கான பயனாளிகளின் கூட்டுத்தொகையிலிருந்து பெற இயலாது. மருந்து பெற்றமை வேறு. நோய் கட்டுப்பட்டமை வேறு.

விழுக்காடு காண வகுக்கும் எண்ணும் வேண்டும். சிக்கல் அங்கும் உள்ளது. வருவாய்த்துறை நோக்கில் பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டத்தைச் சார்ந்தது. பொது சுகாதாரத்துறை நோக்கில் அது தனிச் சுகாதார மாவட்டம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தேசியக் குடும்பநல ஆய்வும் வருவாய் மாவட்டத்தை அலகாகக் கொள்கின்றன. மேலும், 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனமையால் 2011ஆம் ஆண்டின் எண்ணே அடிப்படையாக நின்றது. இடைப்பட்ட காலத்தில் மிகுந்து வளர்ந்த சென்னையின் மேற்குப் புறநகருக்கு அவ்வெண் பொருந்தாது.

வீட்டில் இருப்போரும் இல்லாதோரும்

சாவடி என்பது வழிப்போக்கர் தங்குமிடத்தைக் குறிக்கும் சொல். குமணன்சாவடியின் இன்றைய வாழ்வும் அப்பெயருக்கு அயலானதன்று. நெடுஞ்சாலையும் மாங்காட்டுச் சாலையும் கூடும் அவ்விடத்தில் வாடகைக் குடியினர், கடைப் பணியாளர், கட்டுமானத் தொழிலாளர், பிற மாநிலத்தவர் எனப் பலரும் வந்து தங்கிச் செல்கின்றனர். பகலில் வீட்டுக் கதவைத் தட்டும் கணக்கெடுப்பில் முதியோரும் இல்லத்தரசியரும் மிகுதியாகவும், வேலைக்குச் செல்வோர் குறைவாகவும் இடம்பெறுவர். தமக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதை அறியாத நடுவயது ஆண் தொழிலாளி இதில் எளிதில் விடுபடுகிறார். பூட்டிய வீட்டுக்கு மாலையிலோ விடுமுறை நாளிலோ மீளச் செல்லும் விதி மாதிரி ஆய்வில் இன்றியமையாதது. சேவைப் பதிவேட்டுக்கு அது நோக்கமன்று.

கல்லூரி ஆய்வுகளில் பெருகிவரும் கூகுள் படிவ முறை இக்குறையை மேலும் பெரிதாக்குகிறது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் 33.3 விழுக்காட்டினர், ஆண்கள் 57.1 விழுக்காட்டினர். வாட்ஸ்அப் குழுவில் பகிரப்பட்ட படிவத்தை நிரப்பியோரைப் ‘பொதுமக்கள்’ எனக் குறிப்பது முறையன்று. அதனை எளிதிற் கிட்டிய மாதிரி எனக் கூறி, முடிவையும் அவ்வெல்லைக்குள் நிறுத்துதலே ஆய்வு நேர்மை.

வினாவின் மொழி

தமிழாய்வுக்கு நேரடித் தொடர்புடைய பகுதி இது. படிவம் ‘நீரிழிவு’ என்று எழுதுகிறது. மக்கள் ‘சர்க்கரை’ என்றும் ‘சுகர்’ என்றும் கூறுகின்றனர். ‘உயர் இரத்த அழுத்தம்’ பேச்சில் ‘பிரஷர்’ ஆகிறது. ‘மன அழுத்தம்’ என்னும் தொடரோ அன்றாட நெருக்கடியையும் மனச்சோர்வு நோயையும் ஒருங்கே சுட்டி மயக்கம் தருகிறது. ‘உங்களுக்கு நோய் உள்ளதா?’ என்னும் வினாவுக்கு, நாள்தோறும் மாத்திரை உட்கொள்பவர், “இப்போது இல்லை” என விடையளிக்கக்கூடும். அவர் பொய்யுரைக்கவில்லை, வினா தவறிவிட்டது. ஆங்கிலத்திலிருந்து பெயர்த்து மீளவும் ஆங்கிலத்திற்கு மாற்றிச் சரிபார்க்கும் வழக்கம் இப்பிழையைக் காட்டாது. விடையளிப்போர் வினாவை எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதை அவர்தம் சொற்களிலேயே கேட்டறியும் முன்சோதனை வேண்டும்.

அளவையும் பதிவும்

செயலி தவறான வயதையோ விடுபட்ட கட்டத்தையோ தடுக்கும். கருவி காட்டிய 137 என்னும் அளவு 140 எனப் பதியப்படுவதை அதனால் தடுக்க இயலாது. பதிவுகளில் சுழியத்தில் முடியும் எண்கள் மிகுந்திருப்பின், அது மனிதக் கை செய்த முழுமையாக்கம் என ஐயுறல் வேண்டும். பதிவு நேர முத்திரையும் தரத்தைச் சோதிக்கும் நல்ல சான்றே. ஆயின் அதனைத் தன்னார்வலரைக் கண்காணிக்கும் கருவியாக்கினால், இலக்கை எட்டும் பொருட்டு நிரப்பப்படும் தரவே பெருகும். அவரது பணிச்சுமையும் தரவின் தரத்தைத் தீர்மானிக்கும் கூறு என்பதை ஆய்வேடுகள் பெரும்பாலும் பதிவுசெய்வதில்லை.

இசைவு

மருந்து தருபவரே விவரமும் கேட்கையில் மறுப்பது எளிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் தன்விருப்பான, அறிந்து தரும் இசைவை வலியுறுத்துகின்றன. எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 ஆய்வுக்கும் புள்ளியியலுக்கும் விலக்கு அளிக்கிறது; ஆயின் அத்தரவைக் கொண்டு அந்நபரைக் குறித்த முடிவு எதுவும் எடுத்தலாகாது என்பது அவ்விலக்கின் வரம்பு. பதிவேட்டுத் தரவோ இன்னாருக்கு இம்மருந்து என முடிவு செய்யவே திரட்டப்படுகிறது. ஆகவே, அடையாளம் நீக்கிய தனிப்படியை ஆய்வுக்கெனப் பிரிக்காமல் இவ்விலக்கை நாடுவது கேள்விக்குரியது.

முடிவுரை

பதிவேட்டைப் புறக்கணிக்க வேண்டும் என்பது இத்திறனாய்வின் கருத்தன்று. நோயாளியைத் தொடர்ந்து கவனிக்க அது சிறந்த கருவி. மக்களின் நிலையைப் பொதுமைப்படுத்த அது தனித்துப் போதாது. மாதிரி ஆய்வோடு ஒப்பிட்டே கொள்ளத்தக்கது. எத்தனை வீடுகள் பூட்டியிருந்தன, எத்தனை பேர் மறுத்தனர், வினா எம்மொழியில் கேட்கப்பட்டது என்னும் மூன்றையும் ஒவ்வோர் ஆய்வேடும் வெளியிடுதல் வேண்டும். குமணன்சாவடியில் விடுபட்ட தொழிலாளி தரவில் வெற்றிடமாகக்கூடத் தோன்றுவதில்லை. அவருக்குச் சேரவேண்டிய மருத்துவம் தவறுவதற்கு அதுவே காரணமாகலாம்.