எடுக்கப்பட்டோரும் எஞ்சியோரும்

உலக முடிவைக் கதைப்பொருளாகக் கொண்ட கிறிஸ்தவப் புதினங்களைப் பொழுதுபோக்கு நூல்கள் என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், மறைக்கல்வி வகுப்பில் கேளாத கருத்துகளைக் கதையின் வழியே ஏற்றுக்கொள்வோர் பலர். ஆதலின் இவை இறையியல் நோக்கில் ஆராயத்தக்கன. இரு படைப்புகளை ஈண்டு ஒப்புநோக்குவோம்.

முதலாவது, அமெரிக்கரான டிம் லஹேயும் ஜெரி ஜென்கின்சும் எழுதிய 'லெஃப்ட் பிஹைண்ட்' வரிசை. 1995 முதல் 2007 வரை 16 நூல்களாக வெளிவந்து, பல கோடிப் படிகள் விற்றது. நம்பிக்கையாளர் ஒரு நொடியில் வானுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றனர். பறக்கும் விமானத்தில் அவர்தம் ஆடைகள் மட்டும் எஞ்சுகின்றன. விடப்பட்டோர் ஏழாண்டுக் கொடுந்துன்பத்தில் உழல்கின்றனர். எதிர்க்கிறிஸ்து ஐக்கிய நாடுகள் அவையின் தலைமைச் செயலர் ஆகிறான். கத்தோலிக்கக் கர்தினால் ஒருவர் பொய்ச் சமயத்தின் தலைவராகிறார். இல்லினாய் மாநிலக் கத்தோலிக்க ஆயர்கள் 2003-இல் இவ்வரிசையைத் திருச்சபைக்கு எதிரானதெனக் கண்டித்ததில் வியப்பில்லை.

துன்பக் காலத்திற்கு முன்னரே நம்பிக்கையாளர் எடுத்துக்கொள்ளப்படுவர் என்னும் கருத்தை 1830-களிலிருந்து பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி. அவர் சார்ந்த 'சகோதரர்' இயக்கம் நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. அவ்வியக்க முன்னோடியான அந்தோணி நோரிஸ் குரோவ்சின் உடனுழைப்பாளர் அருளப்பன், 1840-இல் வத்திராயிருப்புப் பகுதியில் கிறிஸ்தியான்பேட்டையை நிறுவினார். மலைக்கு அப்பால் திருவிதாங்கூரில், வித்துவான் குட்டி எனப்பட்ட ஜஸ்டஸ் ஜோசப், 1881-இல் ஆண்டவர் வருவார் என அறிவித்தார். அவ்வாண்டு கழிந்தது, நம்பிக் காத்திருந்தோர் ஏமாந்தனர். முடிவைக் கணக்கிடும் ஆவல் அமெரிக்கர்க்கு மட்டும் உரியதன்று.

திருச்சபையின் போதனை வேறு. இறுதித் தீர்ப்புக்கு முன் கிறிஸ்து உலகில் கண்கூடாக வந்து ஆட்சி செய்வார் என்னும் கருத்தைப் பாதுகாப்பாகப் போதிக்க இயலாதென 1944-இல் உரோமை அறிவித்தது. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடு, திருச்சபை இறுதிச் சோதனையைக் கடந்தே மாட்சியுள் நுழையும் என்கிறது. தப்பிச் செல்லும் வழி ஒன்றை அது காட்டவில்லை.

இவ்விடத்தில்தான் இரண்டாம் நூல் நமக்குத் துணையாகிறது. ஆங்கிலிக்கப் பேராயரின் மகனாகப் பிறந்து, 1903-இல் கத்தோலிக்கரான இராபர்ட் ஹியூ பென்சன் 1907-இல் எழுதிய 'லார்ட் ஆஃப் தி வேர்ல்ட்' அது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரியில் மணிலாவிலிருந்து திரும்பும் விமானத்தில் செய்தியாளருக்குப் பரிந்துரைத்த நூலும் இதுவே. இதில் எவரும் துன்பத்திலிருந்து தூக்கி எடுக்கப்படுவதில்லை. உரோமை அழிகிறது, கடைசித் திருத்தந்தை நாசரேத்தில் ஒளிந்து வாழ்கிறார். அந்த அழிவுக்கு முன்னால், கத்தோலிக்கர் சிலர் தீட்டிய வன்முறைச் சதியும் நிற்கிறது. தம்மவர் பாவத்தை ஆசிரியர் மறைக்கவில்லை. இறைநம்பிக்கையற்ற மேபல் என்னும் பெண்ணின் உள்ளத்தையும் பரிவோடு திறந்து காட்டுகிறார். புதிய உலகின் கொடுமையைக் கண்டு மனமுடைந்து, அவள் உயிர்துறக்கும் காட்சியில் ஏளனம் இல்லை, இரக்கமே உண்டு.

எனினும் பென்சனிடமும் குறை உண்டு. நாடுகளுக்கிடையே அமைதி கொணர்பவனே எதிர்க்கிறிஸ்து ஆகிறான். அமைதி முயற்சி அனைத்தையும் ஐயுறும் மனநிலையை இது வளர்க்கக்கூடும். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என 1965-இல் வத்திக்கான் சங்கம் உரைத்த பின்னர், அவ்வையத்தை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை.

முடிவுக்காலப் புதினத்தின் தரத்தை அளக்க, அது வருங்காலத்தைச் சரியாகக் கணித்ததா எனக் கேட்பதில் பயனில்லை. வாசித்து முடித்தபின் அயலாரை எக்கண்ணால் காண்கிறோம் என்பதே கேள்வி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில் கோபுரத்தின் நிழலில் வாழும் நமக்கு அயலார் பெரும்பாலும் பிற சமயத்தார். நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவரும், நோயுற்றபோது நம்மைத் தாங்குபவரும் அவரே. அவர்களை 'விடப்பட்டோர்' என எண்ணப் பழக்கும் கதை, எத்துணை விறுவிறுப்பாயினும் நற்செய்திக்கு அணி செய்வதன்று. மத்தேயு நற்செய்தி காட்டும் இறுதித் தீர்ப்பில் பசித்தவரைக் குறித்தும் நோயுற்றவரைக் குறித்துமே நாம் வினவப்படுகிறோம். அவ்வினாவை நெஞ்சில் நிறுத்தும் நூலே முடிவைப் பற்றிய நல்ல நூல் என்பது நம் துணிபு.