போல்ட்டைத் திருகினால் போதுமா? பங்சார் மேடுகளில் ஒரு தாழ்த்திய பிக்கப்

கோலாலம்பூரின் பங்சார் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த மேட்டு நிலம். தோட்டம் போய் வீடுகளும் கடைகளும் வந்துவிட்டன. நிலத்தின் ஏற்ற இறக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஜாலான் மாரோஃப் ஏறி இறங்குகிறது. புக்கிட் பண்டாராயா பக்கம் வீட்டு வாசல்களே சரிவில் இருக்கின்றன. குடியிருப்புச் சாலைகளில் வேகத்தடைகள், கடைத்தொகுதிகளின் வாகன நிறுத்துமிடங்களில் ஏறுதளங்கள். முந்தைய உரிமையாளர் தாழ்த்திவிட்டுப் போன பழைய பிக்கப்பை வாங்குபவருக்கு இந்த ஊரில் முதல் வாரத்திலேயே அடிப்பாகம் உரசும் சத்தம் கேட்கும். உடனே பட்டறையில் அவர் கேட்கும் கேள்வி, ‘எத்தனை அங்குலம் தூக்கலாம்?’ என்பது. கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்பது என் கருத்து. சக்கரம் மேலும் கீழும் அசைய இருக்கும் தூரத்தில் இப்போது அது எந்த இடத்தில் நிற்கிறது என்றே கேட்க வேண்டும். உயரம் என்பது அந்த இடத்தின் வெளித்தோற்றம்தான்.

எடுத்துக்காட்டாக, 2002-இல் தாய்லாந்தில் அறிமுகமான முதல் தலைமுறை இசுசு டி-மேக்ஸின் நாலு சக்கர இயக்க வகையைப் பார்க்கலாம். நிசான் ஃப்ரன்டியர் டி22-க்கும் இதே கதைதான். இவற்றின் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது; சேசிஸ் ஓரமாக நீளும் டார்ஷன் பார் என்ற எஃகுத் தண்டு முறுக்கப்பட்டு எடையைத் தாங்குகிறது. தண்டின் பின்முனையில் ஒரு நங்கூரக் கை, அதைத் தள்ளும் ஒரு போல்ட்டு. போல்ட்டை இறுக்கினால் மூக்கு உயரும், தளர்த்தினால் தாழும். செலவே இல்லாத வேலை என்பதால்தான் இத்தனை வண்டிகள் தாழ்த்தப்பட்டன. (2004-இல் வந்த ஹைலக்ஸ் வீகோவும் 2011-க்குப் பிந்தைய டி-மேக்ஸும் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டன, அவற்றில் இந்தப் போல்ட்டைத் தேட வேண்டாம்.) போல்ட்டை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். அது தவறு. தண்டின் கடினம் அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கையும் நீளத்தையும் பொறுத்தது. விட்டம் 10 விழுக்காடு கூடினால் கடினம் 46 விழுக்காடு கூடும். போல்ட்டு இந்த இரண்டில் எதையும் தொடுவதில்லை. அது தண்டு முறுக ஆரம்பிக்கும் இடத்தைத்தான் நகர்த்துகிறது.

அப்படியானால் தாழ்த்திய வண்டி ஏன் கல் போல் இடிக்கிறது? மேலே போக இடமில்லாததால்தான். ஸ்பிரிங்கின் மென்மை அப்படியே இருக்க, சக்கரம் சற்று ஏறியதும் அதைத் தாங்கும் ஆர்ம், மேல் எல்லையில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டிவிடுகிறது. அந்த ரப்பரே ஸ்பிரிங்காக மாறி மொத்த அடியையும் சேசிஸுக்கு அனுப்புகிறது. மறுபுறம், போல்ட்டை எல்லை வரை இறுக்கித் தூக்கிய வண்டியில் சக்கரம் கீழே தொங்க இடம் இருக்காது. ஒவ்வொரு பள்ளத்திலும் மேல் ஆர்ம் தன் தடுப்பில் இடிக்கும். இரண்டு கோளாறையும் ‘சஸ்பென்ஷன் கடினம்’ என்ற ஒரே சொல்லால் சொல்வதால் தவறான மருந்து கிடைக்கிறது: ஷாக் அப்சார்பர் மாற்றச் சொல்கிறார்கள், பணம் போகிறது, இடி நிற்பதில்லை. பங்சார் சாலைக்கே ஒரு கணக்குப் போடுவோம். தாழ்த்தியபின் தரையிலிருந்து அடிப்பாகம் 140 மி.மீ. என்று கொள்வோம். 75 மி.மீ. வேகத்தடையைத் தாண்டி முன்சக்கரம் இறங்கும்போது மூக்கு 50 மி.மீ. அமுங்கினால் மிஞ்சுவது 15 மி.மீ. பின்னால் நாலு மூட்டை ஏற்றினால் அதுவும் இல்லை. முதல் தலைமுறை டி-மேக்ஸின் இரு அச்சுகளுக்கு இடையிலான தூரம் 3,050 மி.மீ.; ஏறுதளத்தின் உச்சியில் வயிறு தட்டுவதற்கு அந்த நீளமும் ஒரு காரணம்.

உயரத்தைச் சரிசெய்யும்போது பின்பக்கத்தை முதலில் முடித்துவிட்டே முன்பக்கத்துக்கு வர வேண்டும். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. நாலு சக்கர இயக்க வண்டியில் பட்டா ஸ்பிரிங் அச்சின் மேல் உட்கார்ந்திருக்கும். அச்சைப் பட்டாவுக்கு மேலே மாற்றி வைத்தால் அச்சுக் குழாயின் விட்டமும் பட்டா அடுக்கின் தடிமனும் சேர்ந்த அளவுக்கு வண்டி ஒரேயடியாக இறங்கும். இதில் நான் அதிகம் அஞ்சுவது பிரேக்கை எண்ணித்தான். பல பழைய பிக்கப்புகளில் பின்பிரேக்கின் அழுத்தத்தைச் சுமைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று சேசிஸுக்கும் அச்சுக்கும் இடையே ஒரு கம்பியால் இணைந்திருக்கும். வண்டி தாழ்ந்தால் வால்வுக்குத் தெரிவது ‘சுமை ஏறியிருக்கிறது’ என்பதுதான். பின்னால் சரக்குத் தொட்டி காலியாக ஓடும்போதும் அது பின்சக்கரத்துக்கு முழு அழுத்தம் அனுப்பும். மாலை மழையில் ஜாலான் மாரோஃப் இறக்கத்தில் பிரேக் மிதித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வால் திரும்பும். உயரத்தை மாற்றிய கையோடு அந்தக் கம்பியையும் சரிசெய்யாத பட்டறை வேலையை முடித்ததாக நான் ஏற்கமாட்டேன். முகப்பு விளக்கும் இப்படித்தான். வால் மட்டும் 25 மி.மீ. இறங்கினாலே 25 மீட்டர் தொலைவில் ஒளி சுமார் 20 செ.மீ. மேலேறி எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும்.

இனி முன்பக்கம். தரையிலிருந்து அளக்கக் கூடாது. டயர் காற்றும் தேய்மானமும் அந்த அளவைப் பொய்யாக்கும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு மூலையிலும் அளக்க வேண்டும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட்ட பிறகே போல்ட்டைத் தொட வேண்டும். எடையோடு திருகினால் பழைய மரை அழிந்துவிடும். இரு பக்கமும் எத்தனை சுற்று என்பதைக் குறித்துக்கொண்டு, இறக்கி, சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, மறுபடி அளக்க வேண்டும். உருட்டாமல் எடுத்த அளவு பயனற்றது. ஆர்ம் புஷ்களின் போல்ட்டுகளைப் புதிய உயரத்தில், சக்கரம் தரையில் நிற்கும்போது தளர்த்தி மறுபடி இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து கிழியும். கடைசியாக வீல் அலைன்மென்ட். மொத்த அசைவில் பாதிக்கு மேல் மேல்நோக்கி மிஞ்சும்படி நிறுத்தினால் போதும். அந்த இடம் கம்பெனி உயரத்துக்குச் சற்றுக் கீழே அமைந்தாலும் எனக்கு மறுப்பில்லை.

தாழ்ந்த வண்டிக்கு எடைமையம் தாழ்வு, வளைவில் நன்றாக நிற்கும் என்ற வாதம் வலுவானது. சிறிய அளவுக்கு உண்மையும்கூட. ஆனால் கீழ் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கிச் சாயும் அளவுக்கு இறக்கினால், வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது எடைமையத்தைவிட வேகமாகத் தாழ்கிறது. இரண்டுக்கும் இடைவெளி கூட, வண்டி முன்னைவிட அதிகமாகச் சாயும். ஏர் சஸ்பென்ஷன் போட்டால் வேண்டும்போது ஏற்றி இறக்கலாமே என்பார்கள். கண்காட்சி வண்டிக்கு அது சரி. 15, 20 ஆண்டு மழை வெயில் பார்த்த சேசிஸில் புதிய தாங்கிகளைப் பற்றவைத்து, சரக்கும் ஏற்றி, பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் தினமும் ஓட்டுபவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உரிமை மாற்றத்தின்போது வண்டி பரிசோதனைக்குப் போயாக வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். ‘வெள்ளத்துக்கு உயரம் வேண்டும்’ என்ற வாதத்தையும் அளவோடுதான் ஏற்கலாம்: டிசம்பர் 2021-இல் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த நீருக்கு எந்தப் போல்ட்டும் பதில் சொல்லியிருக்காது.

போல்ட்டு முழுக்க உள்ளே போன பிறகும் மூக்கு எழவில்லை என்றால் தண்டு தளர்ந்துவிட்டது என்று பொருள். நங்கூரக் கையை ஒரு பல் தள்ளி மாட்டி உயரத்தை மீட்கலாம், அல்லது தண்டையே மாற்றலாம். நான் மாற்றவே சொல்வேன்: ஜோடியாக, இடது வலது குறியைப் பார்த்து. ஒரு பக்கத்துக்கு முறுகிப் பழகிய தண்டை மறுபக்கம் மாட்டினால் அது முறிய வாய்ப்பு அதிகம்.